ஒரு முழம் சாயவேண்டிய வீடு

கார்மேகம் பூசின சுவரில் பல்லி ஏறினால் வழுக்கி விழும் என்று முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. வழுக்கும், அவ்வளவுதான், விழுந்ததாகத் தகவல் இல்லை.

ஆனால் அவர் எழுப்பின சுவர் நேராக நிற்கும் என்பதில் கூட்டலும் கிடையாது, குறைச்சலும் கிடையாது. முப்பத்தோரு வருஷமாகக் கொத்தனார் கரணை பிடித்த கை. அதில் பதினாலு வருஷம் வளைகுடாவில். இடுப்பில் எந்நேரமும் ஒரு பித்தளைத் தூக்குக்குண்டு நூலோடு தொங்கும். ஒருமுறை விமான நிலையத்தில் அதைக் கழற்றச் சொன்ன போலீஸ்காரர், நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷமாகத் தன் கவுண்ட்டரே கோணலாக இருந்திருக்கிறது என்று கண்டுபிடித்து ஆள் அனுப்பிச் சரிசெய்தாராம்.

அப்பேர்ப்பட்டவரை 2007-ஆம் வருஷம் ஜெர்மனியில் வேலைக்குப் போட்டார்கள்.

ஜெர்மனி எங்கே இருந்தது என்றால், ராஸ் அல் கைமா போகிற சாலையில் ஒட்டகப் பண்ணை தாண்டி வலது பக்கம் திரும்பினால், மணலுக்கு நடுவே. ஒரு பெரிய அரபு முதலாளி ஐரோப்பா போன இடத்தில், ஏதோ ஒரு பழைய ஊரின் சந்தைச் சதுக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார். காலிக் கோப்பையைக் கீழே வைக்கும்போது, இந்த ஊர் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊரை விற்பதில்லை என்றார்களாம். அப்படியானால் இதே மாதிரி ஒன்று என்றார்.

ஆகவே கட்டினார்கள். நடுவில் கல் பாவிய சதுக்கம். ஒவ்வொரு கல்லும் ஒரு பன் ரொட்டி அளவு. நானூறு வருஷம் குதிரை நடந்து தேய்ந்த மாதிரி இருக்கவேண்டும் என்பதற்காக நாற்பது பேர் மூன்று மாதம் குந்தி உட்கார்ந்து கிரைண்டரால் தேய்த்தார்கள். குதிரைகளை விட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். சதுக்கத்து மையத்தில் எட்டுப் பட்டைத் தொட்டியோடு ஒரு நீரூற்று. ஒரு பக்கம் கடிகாரக் கோபுரம் வைத்த நகர மண்டபம். மற்ற மூன்று பக்கமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பதினொரு வீடுகள். சுவரெங்கும் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓட, இடையிடையே செங்கல் நிரப்பி வெள்ளை பூசிய வீடுகள். ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூந்தொட்டி; பூ பிளாஸ்டிக். கூரைகள் மட்டும் கைகூப்பின மாதிரி செங்குத்து. எதற்கு இவ்வளவு சரிவு என்று கேட்டதற்கு, பனி சறுக்கி விழுவதற்கு என்றார்கள். அப்படிச் சொன்ன அன்றைக்கு வெயில் நாற்பத்தாறு டிகிரி.

இதில் ஐந்தாம் நம்பர் வீட்டில்தான் வினை.

வரைபடத்தில் அந்த வீடு மேலே போகப் போக ஒரு முழம் இடப்பக்கம் சாய்ந்து, நடுவில் வயிறு தள்ளி, ஜன்னல்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத மாதிரி மேலும் கீழுமாக இருந்தது. தச்சன் வீரபாண்டி கமுதிக்காரன். வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வரைபடத்தில் எப்படியோ அப்படியே மரச்சட்டத்தைக் கோணலாக அறுத்து, கோணலாகவே நிறுத்திவிட்டு, வேறு சைட்டில் நாலு நாள் டூட்டி என்று போய்விட்டான்.

மறுநாள் செங்கல் நிரப்ப வந்தார் கார்மேகம். குண்டைத் தொங்கவிட்டார். நூல் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். வரைபடத்தைப் பிரித்தார். அதிலும் கோணல். ஜெராக்ஸ் எடுக்கும்போது தாள் நகர்ந்திருக்கிறது என்று முடிவு செய்தார். பாவம், புது ஆள், நகர்ந்த தாளைப் பார்த்து அறுத்திருக்கிறான். தெரிந்தால் திட்டு வாங்குவான். ஆகவே யாரிடமும் சொல்லாமல் செயின் பிளாக் போட்டு இழுத்து, அங்கங்கே வெட்டி, ஆப்பு அடித்துச் சட்டத்தை நிமிர்த்தினார். கூட நின்ற இரண்டு நேபாளிகள் மேஸ்திரி கார்மேகம் இழு என்றதும் இழுத்தார்கள். மற்றபடி அவர்களுக்கு அதில் அபிப்பிராயம் இல்லை. செங்கல் நிரப்பிப் பூசி, ஜன்னல்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, நாலாம் நாள் பார்த்தால் வீடு பட்டாளத்துக்காரன் மாதிரி விறைத்து நின்றது. நல்ல காரியம் செய்த திருப்தியில் கார்மேகம் அன்று இரண்டு கப் டீ குடித்தார்.

திங்கட்கிழமை காலையில் வீரபாண்டியும் திரும்பி வந்தான், ஜெர்மன்காரரும் வந்தார்.

ஜெர்மன்காரர் பெயர் டீட்டர். எழுபது வயசு, தலையில் துணித் தொப்பி. வரைபடம் போட்டவர் அவர்தான். அந்த அசல் ஊரில் பிறந்தவரும் அவர்தான். கூடவே சைட் என்ஜினீயர் ஆரிப், கீழக்கரைக்காரர். டீட்டர் சதுக்கத்தில் மெல்ல நடந்தார். கல்லைச் செருப்புக் காலால் தடவிப் பார்த்தார். நீரூற்றில் ஒரு விரலை நனைத்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ஐந்தாம் நம்பருக்கு முன்னால் வந்ததும் மலர்ச்சி நின்றது. சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து, வீட்டைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார், மிகவும் மெதுவாக.

"யாரு இதை நிமித்துனது?" என்று ஆரிப் தமிழில் கேட்டார். அவர் குரலும் உயரவில்லை.

நாற்பது பேரும் தரையில் கல் எண்ணினார்கள்.

"இது அவர் பொறந்த வீடு. நானூத்தி முப்பது வருஷமா சாஞ்சே நிக்கிதாம். ரெண்டு உலகப் போர் வந்துச்சு, நிமிரலை. நம்ம சைட்டுல நாலே நாள்ல நிமிந்துருச்சு." ஆரிப் போட்டோவை வாங்கித் தூக்கிக் காட்டினார். "எல்லா வீடும் நேரா நின்னா அது லேபர் கேம்ப். இந்த ஒரு வீடு, பக்கத்து வீட்டுல என்னா ஆணம் கொழம்பு காச்சுறாங்கன்னு எட்டிப் பாக்குற மாதிரி சாஞ்சு நிக்கிது பாருங்க, அதுலதான் அந்தச் சதுக்கத்துக்கே உசுரு இருக்குங்கறார். முதலாளி காப்பி குடிச்சதும் இதுக்கு எதிர்லதான்."

கார்மேகத்தின் வாய் திறந்தது. சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

"சட்டம் யார் வேலை?" என்றார் ஆரிப்.

வீரபாண்டி கையைத் தூக்கினான். "சாச்சுத்தான் சார் நிறுத்துனேன்."

"இப்ப சாஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"வியாழக்கிழமை பத்து மணிக்கு முதலாளி வர்றார். அதுக்குள்ள இது இந்தப் போட்டோ மாதிரி ஆகணும். ஆகலேன்னா வீரபாண்டி, உன் வீசா கேன்சல். அன்னைக்கு சாயங்காலமே பிளைட்டு."

கார்மேகத்தின் வாய் மூடிக்கொண்டது. அவருக்கு வயசு ஐம்பத்து நாலு. இந்த வயசில் கேன்சல் ஆனவனுக்கு இன்னொரு வீசா வராது என்பது கேம்பில் பூனைக்குக்கூடத் தெரியும். அந்த ஒரு மூச்சு நேரம் கழிந்துபோனது. கழிந்த பிறகு, மணிக்கு மணி அந்தச் சொல் தொண்டையில் கனத்துக்கொண்டே போனது.

ரூமில் அவர் கீழ்க் கட்டில், வீரபாண்டி மேல் கட்டில். சாயங்காலம் வீரபாண்டி குப்புறப் படுத்துத் தலையைக் கீழே தொங்கவிட்டான்.

"அண்ணே, கோணத்தை மூணு தடவ அளந்தேன். நாலு நாள்ல அங்க யார் யாரோ வேலை பாத்திருக்காங்க. எந்தப் பேய் வந்து நிமித்துச்சுன்னு தெரியலையே."

"தூங்குடா."

"மணி ஏழுதான் ஆகுது. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா ஆரிப் சார் கேப்பாரு."

கார்மேகம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சுவர் நேராக இருந்தது. முதல் தடவையாக அது அவருக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஆரிப்பிடம் போய், "சார், அந்த வீட்டை நான் சாச்சுத் தர்றேன்" என்றார். நிரப்பின செங்கலை எல்லாம் உடைத்து எடுத்தார்கள். வீரபாண்டி ஆப்புகளைத் தட்டி, வெட்டுப்பட்ட இடத்தில் புதுக் கட்டை கொடுத்து, சட்டத்தைப் பழையபடி சாய்த்தான். கார்மேகம் கரணையை எடுத்தார்.

பன்னிரண்டு வரிசை வைத்துவிட்டுப் பார்த்தால் சுவர் நேராக நிற்கிறது. அவர் கை அவரைக் கேட்காமலே கலவையை ஒரு பக்கம் கூட்டி ஒரு பக்கம் குறைத்திருக்கிறது. உடைத்தார்கள். அடுத்த தடவை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கட்டினார். திறந்து குண்டு பிடித்தால், நூல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபடி உடைத்தார்கள். மூன்றாம் தடவை, பழக்கம் இல்லாத இடது கையால் வைத்தார். அது இன்னும் நேராக வந்தது.

சாரத்துக்குக் கீழே நின்ற வீரபாண்டியின் முகம் கலவை நிறத்துக்கு வந்திருந்தது. "என்னை ஊருக்கு அனுப்பறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களாண்ணே?"

கார்மேகம் கரணையைக் கழுவி வைத்தார். வியாழக்கிழமைக்கு ஒன்றரை நாள் இருந்தது.

அன்று சாயங்காலம், இருட்டுவதற்கு முன்னால், கேம்ப் சமையல்கட்டுக்குப் பின்னால் தட்டுக் கழுவப் போனார். கழுவிக்கொண்டே நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு மறைப்பாக ஒரு சுவர் உண்டு. கீழே வலம் பார்த்து, நடுவில் வயிறு தள்ளி, மேலே ஒரு முழம் இடம் சாய்ந்த சுவர். பூனை அதன் கீழே படுக்காது. காகம் அதன்மேல் உட்காரும்முன் யோசிக்கும். ஆனால் நாலு வருஷமாக ஒரு செங்கல் உதிர்ந்ததில்லை. கட்டினவன் அன்பரசன்.

அன்பரசன் திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். ஏஜெண்ட் கையில் இருந்தது கொத்தனார் வீசா ஒன்றுதான் என்பதால் கொத்தனாராக விமானம் ஏறினான். இறங்கிக் கட்டின முதல் சுவர் இது. கடைசிச் சுவரும் இதுதான். அன்றைக்கு நாற்பது பேர் பார்க்க, அவன் கையிலிருந்து கரணையைப் பிடுங்கி, டீ பிளாஸ்கைத் திணித்து, "இந்தக் கைக்கு இவ்வளவுதான் தாங்கும். இனிமே செவுத்தைத் தொடாத" என்று சொன்னவர் கார்மேகம். அதிலிருந்து அன்பரசன் டீ போடுகிறான். நாலு வருஷமாக கார்மேகத்துக்குக் கடைசிக் கப்புதான், ஆறின பிறகு.

அன்பரசன் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அன்பு, ஒரு செவுரு கட்டணும்" என்றார் கார்மேகம்.

"அது எனக்குத் தெரியாத வேலையாச்சே மேஸ்திரி. நீங்கதான் சொன்னீங்க."

"இந்தச் செவுரு மாதிரியே வேணும்."

அன்பரசன் துணியைப் பிழிந்து கயிற்றில் போட்டான். "அஞ்சாம் நம்பர நிமித்துனது நீங்கதானே?"

கார்மேகத்துக்குக் கை ஈரமாக இருந்தது; துடைக்க மறந்து நின்றார். "யாருடா சொன்னா?"

"யாரு சொல்லணும்? அன்னைக்கு ரெண்டு கப் கேட்டு வாங்கிக் குடிச்சீங்க. செவுரு ரொம்ப நேரா வந்தாத்தான் நீங்க ரெண்டாவது கப் கேப்பீங்க. நாலு வருஷமா ஊத்துறேன், எனக்குத் தெரியாதா?" அவன் குரலில் கோபம் இல்லை. "பாண்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா என்ன பண்ணுவான்?"

"அதான் தெரியலை" என்றார் கார்மேகம். "நீ கட்டுவியா, மாட்டியா?"

"கட்டுறேன். ஆனா நாப்பது பேர் பாக்கப் பிடுங்குன கரணைய நாப்பது பேர் பாக்கக் குடுக்கணும். அப்புறம் எனக்கு ஒரு சித்தாள் வேணும்."

"ரெண்டு பேர் தர்றேன்."

"ரெண்டு வேணாம். ஒருத்தர் போதும்." அன்பரசன் அவரை மேலிருந்து கீழே பார்த்தான். பார்வை இடுப்பில் வந்து நின்றது. "வரும்போது அந்தக் குண்டையும் அவுத்து வச்சிட்டு வாங்க. அது பாத்துக்கிட்டே இருந்தா எனக்குக் கை ஓடாது."

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, நாற்பது பேர் பார்க்க, கார்மேகம் கரணையைக் கொடுத்தார். பிறகு சும்மாட்டுத் துணியைச் சுற்றித் தலையில் வைத்து, சாந்துச் சட்டியைத் தூக்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. வீரபாண்டி மட்டும், சட்டியோடு ஏணி ஏறுகிற மேஸ்திரியை வெகுநேரம் பார்த்தான். அவன் நெற்றியில் மெல்ல ஒரு சுருக்கம் விழுந்தது. இடுப்பில் குண்டு இல்லாததையும் அவன் பார்த்தான்.

அன்பரசன் சுவரைப் பார்த்துக் கட்டவில்லை. ஐந்து வரிசைக்கு ஒருமுறை சாரத்திலிருந்து இறங்கி, நீரூற்றுவரை பின்னால் போய், ஒரு கண்ணை மூடி, இரண்டு கை விரல்களையும் சட்டமாகப் பிடித்து அதன் வழியாகப் பார்ப்பான். பிறகு பக்கத்தில் சொருகியிருந்த, ஆரிப் கொடுத்த போட்டோ நகலைப் பார்ப்பான். "மூணாவது ஜன்னல் பொண்ணு கொஞ்சம் தலை குனியணும்" என்பான், கல்யாண வீடியோ எடுக்கிற குரலில். ஏறி வந்து அந்த ஜன்னலை ஒரு விரல் இறக்குவான். "வயித்துக்கு லைட் விழலை" என்று இரண்டு செங்கலை வெளியே தள்ளுவான்.

ஒவ்வொரு செங்கலுக்கும் கார்மேகத்துக்குப் பல் கூசியது. உச்சி வெயில் ஓய்வு முடிந்து வந்தபோது சுவர் வயிறு தள்ளி அவர் தலைக்கு மேலே தொங்கியது. அன்பரசன் தண்ணீர் குடிக்கப் போன நேரம், விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு செங்கல் அவரையே பார்த்தது. அவர் பார்க்காமல்தான் இருந்தார். கைதான் போயிற்று. ஒரு தட்டு, லேசாக.

அன்பரசன் வந்தான். நீரூற்றடியில் நின்றபடியே, "யாரு தொட்டது?" என்றான்.

அங்கிருந்து சுவர் முப்பது அடி தூரம். செங்கல் நகர்ந்தது அரை விரற்கடை.

"நான்தான்" என்றார் கார்மேகம். இந்தச் சின்ன விஷயத்துக்கு அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

அதற்குப் பிறகு, சட்டி தூக்காத நேரமெல்லாம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். பொழுது இறங்கும்போது பூச்சோடு வேலை முடிந்தது. வீரபாண்டி வந்து அண்ணாந்து பார்த்தான்.

"நாளைக்கு வரைக்கும் நிக்குமா?"

"சாயும்" என்றான் அன்பரசன். "விழாது."

வியாழக்கிழமை பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்க, ஏழு வெள்ளைக் கார்கள் வந்து நின்றன. முதலாளி இறங்கினார். டீட்டர் அவரை நேராக ஐந்தாம் நம்பருக்குக் கூட்டிவந்து, வயிற்றுக்கு அடியிலேயே நிறுத்தினார். அந்த இடத்தில் பூனைகூட நிற்காது. ஆரிப்பின் கையில் ஒரு கோப்பு. அதற்குள் வீரபாண்டியின் கேன்சல் தாள் டைப் அடித்துத் தயாராக இருந்தது. ஓரம் வெளியே தெரிந்தது.

டீட்டர் அண்ணாந்து பார்த்தார். போட்டோவை எடுக்கவில்லை.

அப்போது கடிகாரக் கோபுரத்தில் மணி அடித்தது. அதுதான் முதல் தடவை. சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. முதல் அடிக்கே ஐந்தாம் நம்பர் வீடு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. மரச்சட்டம் முனகியது. இரண்டு. சாந்துப் பொடி மெல்ல இறங்கியது. மூன்று, நான்கு. கார்மேகத்தின் கை குண்டைத் தேடி இடுப்புக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பியது. ஐந்து. வீரபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். ஆறு. அன்பரசன் விரல் சட்டத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாவது அடிக்கு மேலிருந்து ஒரு காரை, தோசை அளவு, பெயர்ந்து நேராக டீட்டரின் தொப்பியில் விழுந்தது.

எட்டு. ஒன்பது. பத்து.

மணி ஓய்ந்த பிறகு ஒட்டகப் பண்ணையில் ஒட்டகம் அசைபோடுகிற சத்தம் கேட்டதாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பண்ணை இரண்டு கிலோமீட்டர்.

டீட்டர் தொப்பியைக் கழற்றினார். காரைத் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். ஆரிப் மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"அவங்க வீட்டுலயும் மணி அடிச்சாக் காரை உதிருமாம். அவரைப் பெத்த உம்மா மணிக்கொரு தடவ சாப்பாட்டு மேசையத் தொடைப்பாங்களாம். அதைக்கூட எப்படிக் கட்டுனீங்கன்னு கேக்குறார்."

அன்பரசன், அதற்கென்று தனியாக ஒன்றும் செய்யவில்லை என்றான். டீட்டர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி வீட்டுக்கு எதிரே ஒரு நாற்காலி போடச் சொல்லி, காப்பி கேட்டார். அவ்வளவுதான், வீடு பாஸ்.

ஆரிப் மூச்சு விட்டார். "பாண்டி, நீ பொழச்சே. தாளை இன்னைக்குக் கிழிச்சுர்றேன். ஆனா ரிப்போர்ட்டுல நிமித்துனவன்னு உன் பேருதான் போயிருக்கு. இனிமே ஒரு தப்பு வந்துச்சு, கேள்வியே கெடையாது."

வீரபாண்டி தலையாட்டினான். தலையாட்டிக்கொண்டே கார்மேகத்தைப் பார்த்தான். கார்மேகத்துக்கு இப்போது வாயைத் திறக்க எந்த அவசியமும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது. சும்மா இருந்தால் போதும்.

"சார்" என்றார் கார்மேகம். "ரிப்போர்ட்டுல பேரை மாத்துங்க. நிமித்துனது நான்."

"நீங்களா? எதுக்கு?"

"குண்டு பிடிச்சேன், சட்டம் கோணலா நின்னுச்சு. ஜெராக்ஸ்ல தாள் நகந்துருச்சுன்னு நெனச்சேன்."

ஆரிப் இதை ஆங்கிலத்தில் சொல்ல, டீட்டர் திரும்பச் சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டு, முதலாளி பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். முதலாளி காப்பியை நிறுத்திவிட்டு கார்மேகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையின் நீளத்தில் ஒரு மதில் கட்டலாம்.

"அந்தக் குண்டை எடுத்துட்டு வரச் சொல்றார்" என்றார் ஆரிப்.

ரூமிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். டீட்டர் அதைக் கையில் எடை பார்த்தார். பிறகு ஆளை ஏற்றி ஐந்தாம் நம்பர் வீட்டு உச்சியிலிருந்து தொங்கவிடச் சொன்னார். குண்டு ஆடி ஆடி நின்றது. சுவரடிக்கும் அதற்கும் இடையில் சரியாக ஒரு முழம்.

"இது இங்கேயே தொங்கட்டுமாம். வீடு எவ்வளவு சாஞ்சிருக்குன்னு வர்றவங்களுக்குத் தெரியணுமாம்." ஆரிப் தொண்டையைச் செருமினார். "மேஸ்திரி, உங்களுக்குத் தண்டனை உண்டு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டாவது சதுக்கம் வருது. இருபத்திரண்டு வீடு. ஒண்ணுகூட நேரா இருக்கக்கூடாது. அன்பரசன்தான் மேஸ்திரி. நீங்க அவருக்குச் சித்தாள்."

"கேன்சல் இல்லையா சார்?"

"இதுக்கு கேன்சலே தேவலைன்னு சொல்லுவீங்க, பாத்துக்கிட்டே இருங்க."

வீரபாண்டி பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு பேரும் குண்டைப் பார்த்தார்கள்.

"தாள் நகந்துருச்சாக்கும்" என்றான் வீரபாண்டி.

"ஆமாடா."

"மூணு நாள் மேல் கட்டில்ல தூங்காமக் கெடந்தேன், கீழ் கட்டில்லயும் தூங்கல, ஏன்னு இப்பத்தான் தெரியுது. வாங்கண்ணே, சாப்புடலாம்."

இரண்டாவது சதுக்கம் முடிய எட்டு மாதம் ஆயிற்று. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் ஐந்தாம் நம்பர் குண்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கார்மேகம் தினமும் சாந்துச் சட்டியோடு அந்த வழியாகத்தான் போவார். அங்கே வந்ததும் கை தானாக இடுப்பைத் தடவும்.

அன்பரசன் இப்போது டீ போடுவதில்லை. அது சித்தாள் வேலை. கார்மேகம் போடுகிற டீயைப் பற்றி ருசியில் ஆயிரம் குறை சொல்வார்கள். ஆனால் ஒரு கப்பில் அதிகம், ஒரு கப்பில் கம்மி என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.